நாலு மாங்காய்க் கோலம்

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் முல்லை நகரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டி, ராகி விளைந்த நிலத்தைக் கூறு போட்டு மனையாக்கிய இடம் அது. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். இருபது வருஷம் இங்கே குப்பை கொட்டினாலும், சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சினாலும், பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தா கோயில் வாசலில் போய் நிற்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. மேனேஜர் லீவு தரவில்லை என்றால் காய்ச்சல் என்று பொய் சொல்லியாவது பஸ் ஏறிவிடுவார்கள். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது திருடனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் வீட்டிலும் காலண்டர் மாட்டியிருக்கிறது.

பூட்டிய அந்த வீடுகளுக்குக் காவல் சரோஜம்மாள். அவளிடம் காக்கிச் சட்டை கிடையாது, தடி கிடையாது, விசில்கூடக் கிடையாது. ஒரு துடைப்பம், ஒரு வாளி, ஒரு டப்பா கோலமாவு, இடுப்பில் செருகிய சாவிக் கொத்து, அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் சூப்பர்வைசரோடு கன்னடம், தெருவில் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் மூன்றும் சேர்ந்து வரும்.

பிறந்தது வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில். கட்டிக்கொண்டது வெங்கடப்பனை. அவனுக்கு இருந்த மானாவாரி நிலம் இரண்டு பேருக்குச் சோறு போட்டது. பிள்ளை பிறந்ததும் போதவில்லை. ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தான். பதினாறு வருஷம் அதே கேட், அதே நாற்காலி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், டூட்டி மாற்ற வந்தவன் தோளைத் தொட்டு எழுப்பியபோது உடம்பு குளிர்ந்திருந்தது. அவளுக்கென்று அவன் விட்டுவிட்டுப் போனது ராஜ்குமார் என்கிற மகனையும், அடி தடித்த ஒரு ஜோடித் தோல் செருப்பையும்தான். மகன் கிரில் பட்டறையில் வெல்டர். அந்தப் பக்கத்தில் பாதி வீட்டு ஜன்னல் கம்பி அவன் கையால் ஒட்டியது. முல்லை நகரை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு அறையில் குடியிருந்துகொண்டு, சரோஜம்மாள் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்டிராக்டில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ்.

காவல் வேலையை அவள் தேடிப் போகவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் பிள்ளையார் கோயில் பக்கத்தில் போலீசார் ஒரு கூட்டம் போட்டார்கள். பூபதி என்ற ஏட்டு எழுந்து, ஊருக்குப் போகிறவர்கள் வீட்டை ஆளிருக்கிற வீடு மாதிரி வைத்துவிட்டுப் போங்கள், வாசலில் மூன்று நாள் பேப்பர் கிடந்தால் திருடனுக்கு நீங்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். வாசலை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது தமிழ்செல்விதான், சரோஜாக்கா இருக்காங்களே என்று சொன்னாள்.

தமிழ்செல்விக்கு நாங்குநேரிப் பக்கம். கணவன் சுடலைமுத்து மிஷின் ஆபரேட்டர். அவளும் வேலைக்குப் போகிறவள்தான். கியர் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். ஓடி வருகிற துண்டுகளில் கீறல் இருக்கிறதா, மழுங்கல் இருக்கிறதா என்று நாள் முழுக்க விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. வெங்கடப்பன் செத்த வீட்டில் உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை சரோஜம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். அதிலிருந்து இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. தமிழ்செல்வி வீட்டுச் சாவி அன்றிலிருந்தே சரோஜம்மாளிடம் ஒன்று இருக்கும். கூட்டத்துக்குப் பிறகு மற்றவர்களும் சாவி கொடுத்தார்கள். பங்குனி உத்திரத்துக்குள் அவள் கொத்தில் பதினோரு வீட்டுச் சாவி சேர்ந்துவிட்டது.

எதையும் ஏனோதானோ என்று செய்கிற பிறவி இல்லை சரோஜம்மாள். திருடன் பூட்டைப் பார்த்து வருவதில்லை, வாசலைப் பார்த்துத்தான் வருகிறான் என்று வெங்கடப்பன் அடிக்கடி சொல்வான். அதை மனதில் வைத்துக்கொண்டு அவளாகவே ஒரு முறை வகுத்துக்கொண்டாள். விடிகிற நேரத்தில் பேப்பரையும் பால் பாக்கெட்டையும் எடுத்து உள்ளே போடுவாள். முதல் நாள் சாயங்காலம் போட்ட விளக்கை அணைப்பாள். கிரில் கேட்டில் பூட்டு தொங்குவது வெளியே தெரியாமல் ஒரு ஈரத்துண்டை அதன் மேல் காயப்போடுவாள். வாசற்படியில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு வைப்பாள். மற்ற வீடுகளுக்கு அவரவர் பழைய செருப்பு. தமிழ்செல்வி வீட்டுக்கு மட்டும் வெங்கடப்பனின் தோல் செருப்பு. பதினாறு வருஷம் காவலுக்கு நின்ற செருப்பு, இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

கடைசியாக, தண்ணீர் தெளித்துக் கோலம்.

அங்கேதான் வந்தது வினை. பதினோரு வாசல், ஒன்றரை மணி நேரம், ஏழேகாலுக்குப் பஸ். புள்ளி வைத்து எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? அவள் கைக்குப் பழகிய கோலம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றி நாலு மாங்காய், மூக்கு வளைந்த மாங்காய். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் பெண்பிள்ளைகள் முதலில் போடக் கற்றுக்கொள்வது அதுதான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் போட்டுவிடுவாள். பதினோரு வாசலிலும் அதையே போட்டாள். தெருவில் இருந்த பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். நாலு மாங்காயைப் பார்த்தாலே சரோஜாக்கா வந்துவிட்டுப் போனது தெரிந்துவிடுகிறது என்று ஒருத்தி சொன்னபோது சரோஜம்மாளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பாவி மனசு, அந்தப் பாராட்டுக்குள் இருந்ததை அப்போதே பிடித்திருக்கக் கூடாதா? நமக்கும்தான் யாருக்குத் தோன்றியது.

உத்திரம் முடிந்த மூன்றாம் நாள். அன்று காலையில் தமிழ்செல்வி குடும்பம் ஊரிலிருந்து திரும்புகிறது என்று போனில் சொல்லியிருந்தார்கள். அதனால் சரோஜம்மாள் மற்ற வாசல்களை விட்டுவிட்டு முதலில் அங்கே போனாள், வந்து இறங்குகிறவர்களுக்கு வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று. கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. கேட்டருகே போனதும் துண்டைக் காணவில்லை என்பதுதான் அவள் கண்ணில் முதலில் பட்டது. துண்டு கீழே கிடந்தது. பூட்டை அதில் சுற்றி, சத்தம் வெளியே வராமல் உடைத்திருந்தார்கள். கிரில் கதவு கீல் பிய்ந்து சாய்ந்திருந்தது. உள்ளே பீரோ கவிழ்ந்து கிடந்தது, டிவியை எதற்கென்று தெரியாமல் உடைத்துப் போட்டிருந்தார்கள், அரிசி டிரம்மைக் கொட்டி அதற்குள்ளும் தேடியிருந்தார்கள். வெங்கடப்பனின் செருப்பு மட்டும் வைத்த இடத்திலேயே ஒழுங்காக இருந்தது. நேற்றுப் போட்ட நாலு மாங்காயும் கொஞ்சம்கூட அழியாமல் இருந்தன.

சரோஜம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த பீரோவில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். தமிழ்செல்வியின் மகள் ஸ்வாதிக்கு வைகாசியில் கல்யாணம். புருஷனும் பெண்டாட்டியும் ஓவர்டைம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நகை. லாக்கருக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், இன்னும் கிடைக்கவில்லை. கிளம்புகிற அன்று தமிழ்செல்வி அவள் கையைப் பிடித்து, உள்ள இருக்கதெல்லாம் ஒங்களுக்குத் தெரியும்லாக்கா, பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்தது. தெருமுனையிலிருந்து அது மெதுவாகத்தான் வந்தது, ஏனென்றால் வழியில் இன்னும் இரண்டு வீட்டு முன்னால் கூட்டம் கூடத் தொடங்கியிருந்தது. அங்கேயும் அதே கதை. மூன்றுமே சரோஜம்மாள் பார்த்துக்கொண்ட வீடுகள். சுடலைமுத்து பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். ஸ்வாதி பின்னாலேயே போனாள். உள்ளேயிருந்து அந்தப் பெண் அழுகிற சத்தம் கேட்டது.

தமிழ்செல்வி உள்ளே போகவில்லை. வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். திரும்பித் தெருவைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். பிறகு சரோஜம்மாளின் வாளியை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை அப்படியே கோலத்தின் மேல் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தாள். அதோடு விடவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடந்து போய், திருட்டுப் போன மற்ற இரண்டு வீட்டு வாசலையும் கழுவினாள். நகை போன அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்று கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். சரோஜம்மாளுக்கு வேறு மாதிரி பட்டது. என் கை பட்டதைக்கூட இவள் கண்ணால் பார்க்கப் பிடிக்கவில்லை, அழிக்கிறாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவள் நெஞ்சில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

ஒன்பது மணிக்குப் போலீஸ் வந்தது. பதினோரு சாவியும் ஒரே ஆளிடம் இருந்தது என்று தெரிந்ததும் கொத்தை வாங்கிக்கொண்டார்கள். கீலை உற்றுப் பார்த்துவிட்டு, வெல்டிங் எங்கே பலவீனம் என்று தெரிந்தவன்தான் இப்படிப் பிரிக்க முடியும் என்று ஒருவர் சொன்னார். யார் வெல்டிங் என்று விசாரித்தார்கள். ராஜ்குமார் என்று பதில் வந்தது. அம்மாவிடம் சாவி, மகனிடம் கிரில். வேறென்ன வேண்டும்? மத்தியானத்துக்குள் பட்டறையிலிருந்தே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். அடித்தார்களா என்று அவன் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் சரோஜம்மாள் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் தமிழ்செல்வி அங்கே வந்தாள். சரோஜம்மாளைப் பார்த்தாள், எதுவும் பேசாமல் உள்ளே போனாள். நகை போனது எங்களுடையது, அந்தப் பையன் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை என்று சொல்லி, எழுதியும் கொடுத்தாளாம். அன்று ராத்திரிக்குள் ராஜ்குமாரை விட்டுவிட்டார்கள். வெளியே வந்த தமிழ்செல்வி அப்போதும் சரோஜம்மாளிடம் பேசவில்லை, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டாள்.

பிள்ளை வெளியே வந்தான், பேர் வரவில்லை. பட்டறை முதலாளி, கொஞ்ச நாள் போகட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம் என்றார். கிரில் போடக் கூப்பிட்ட வீடுகள் வேண்டாம் என்றன. டீக்கடையில் நண்பர்கள் ஒருவிதமாகச் சிரித்தார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்தவன், தும்கூரில் வேலை இருக்கிறது என்று ஒரு பையில் துணியை அடைத்தான். சரோஜம்மாள் சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் உட்காரவில்லை.

"ஊரார் வூட்டு சாவியெல்லாம் இடுப்புல சொருவிகினு திரிஞ்சியே, நம்ம வூட்டுக்கு என்னா ஆவும்னு ஒரு நாளாவது நெனச்சியாம்மா?" என்றான். போய்விட்டான். முதலில் இரண்டு முறை போன் பண்ணினான். அப்புறம் அவள் பண்ணினால் எடுப்பதில்லை.

நியாயமாகப் பார்த்தால் ஒரு தாய் இத்துடன் முல்லை நகர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கக் கூடாது. ஆனால் கம்பெனி பஸ் நிற்பது அந்தத் தெருமுனையில்தான். தினம் காலையில் அவள் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் அவளைக் கண்டதும் மாவு டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். சொல்லால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவர்கள். வைகாசி வந்தது. ஸ்வாதியின் கல்யாணம் நடக்கவில்லை. ஆவணிக்குத் தள்ளிப் போட்டதாக முதலில் சொன்னார்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. சரோஜம்மாள் அதை பஸ்ஸில் யாரோ பேசக் கேட்டாள். அன்று கம்பெனியில் ஒரே இடத்தை இரண்டு தடவை துடைத்துக்கொண்டிருந்தாள் என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் கத்தினார்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. திருடன் பிடிபட வேண்டும். பிடிபட்டால் ராஜ்குமாரின் பேர் திரும்பிவிடும், தமிழ்செல்வி மறுபடி தன் முகத்தைப் பார்த்துப் பேசுவாள் என்று நம்பினாள். பேரிகை சாலையில் போகும்போது தெரிகிற ஒவ்வொரு கோயிலுக்கும் அதைச் சொல்லிக் கும்பிட்டாள்.

ஆனி மாதம் பிடிபட்டார்கள். அத்திப்பள்ளியில் வேறொரு திருட்டில் மாட்டிய இரண்டு பேர், முல்லை நகரையும் ஒப்புக்கொண்டார்கள். குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் என்று ஸ்பீக்கர் கட்டிய வண்டியில் தெருத் தெருவாகப் போகிறவர்கள். நகையை அப்போதே உருக்கிவிட்டார்கள், மிஞ்சியது ஒரு ஜோடி ஜிமிக்கி. ஏட்டு பூபதி சரோஜம்மாளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். உன் மேலும் உன் பையன் மேலும் ஒரு குற்றமும் இல்லை, எழுதி முடித்தாயிற்று என்று ஒரு காகிதத்தையும் கொடுத்தார். சரோஜம்மாள் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பூபதி கெட்ட மனுஷர் இல்லை. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் அடுத்ததைச் சொன்னார்.

"எந்த வீடு பூட்டின வீடுன்னு எப்படிடா கண்டுபுடிச்சீங்கன்னு கேட்டேன். என்னா சொல்றான் தெரியுமா? மாங்கா கோலத்தைப் பாத்தானாம். ஒவ்வொரு வூட்டுப் பொம்பளையும் ஒவ்வொரு தினுசா கோலம் போடுவா, இது மட்டும் பதினோரு வாசல்ல ஒரே கை, ஒரே மாங்கா. அப்ப அந்தப் பதினோரு வூட்லயும் ஆள் இல்லன்னு ரெண்டே நாள்ல புரிஞ்சிடுச்சாம். திருட்டுப் பயலுக்கு மூளையப் பாத்தியா?"

சிரித்துவிட்டு, தாமும் அன்று வந்து பார்த்ததாகவும், அந்த மூன்று வாசலும் வெறும் ஈரமாகத்தான் இருந்தன, கோலம் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றும் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். சரோஜம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளியே புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். திருடவில்லை. காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் வழி சொன்னது அவள் கைதான். வீட்டில் ஆளிருக்கிறது என்று காட்டப் போட்ட கோலம், ஆளில்லை என்று தினமும் காலையில் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கு எந்த ஸ்டேஷனில் போய்ச் சரணடைவது?

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பூபதி தமிழ்செல்வியிடம் இதையெல்லாம் விளக்கப் போவதில்லை. குற்றம் இல்லை என்று எழுதிய காகிதத்தைக் காட்டி, பழைய மாதிரி வாயார அக்கா என்று கூப்பிட வைத்திருக்கலாம். இரண்டு நாள் அப்படியும் யோசித்தாள், பொய் சொல்வானேன். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் கால் தானாகத் தமிழ்செல்வி வீட்டுக்கு நடந்தது.

புதுக் கிரில் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே, கதவு நிலைக்குப் பக்கத்தில், ஒரு கேமரா. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. சுடலைமுத்தும் ஸ்வாதியும் வெளியே போயிருந்தார்கள். தமிழ்செல்வி கதவைத் திறந்தாள், உள்ளே வாங்கக்கா என்றாள். சரோஜம்மாள் உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்தாள். தமிழ்செல்வியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சரோஜம்மாள் ஏட்டு சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தாள். கடைசியில், "என் கையாலதாம்மா போச்சு. உம் பொண்ணு கல்யாணம் என் கையால நின்னுபோச்சு" என்றாள்.

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போய் முடிந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள்.

சரோஜம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆட்டோல வரும்போதே பாத்தேன். மொத வீட்டு வாசல்ல ஒங்க கோலம். அடுத்த வீட்டுலயும் ஒங்க கோலம். கம்பெனில நான் பாக்குத வேலையே அதுதான. மூணு பீஸ் கெட்டுப்போயி, மூணுலயும் ஒரே அடையாளம் இருந்துச்சுன்னா, அங்கதான் விஷயம் இருக்குன்னு அர்த்தம். போலீஸ்காரன் கண்ணுல அது பட்டிருந்தா, நீங்களே அடையாளம் போட்டுக் குடுத்தியன்னுதான் சொல்லியிருப்பான். அதான் தண்ணிய ஊத்துனேன்."

மூன்று மாதமாகச் சரோஜம்மாள் எதைக் கோபம் என்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாளோ, அது அவளைக் காப்பாற்றிய கை. வீடு கொள்ளை போய், மகள் உள்ளே அழுதுகொண்டிருக்கும்போது, இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று வாசலைக் கழுவியிருக்கிறாள். யாருக்காக?

"ஏம்மா என்னாண்ட சொல்லல?" என்றாள். "நல்லா நாலு வார்த்த திட்டியிருந்தா நான் தாங்கிகினு இருப்பேனே. ஒண்ணும் பேசாம போனியே, அதத்தான் என்னால தாங்க முடியல."

"திட்டணும்னு தெனமும் தோணுச்சுக்கா. ஒங்கள ரோட்டுல பாக்கும்போதெல்லாம் தோணுச்சு. ஆனா நீங்க வேணும்னா செஞ்சிய? வாயத் தொறந்தா என்ன வந்துருமோன்னு பயந்துதான் பேசாமப் போனேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். காபி போடப் போகிறாள் என்று சரோஜம்மாள் நினைத்தாள். அப்படித்தான் எப்போதும் செய்வாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பேப்பர் பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அடி தடித்த செருப்பின் வடிவம் வெளியிலேயே தெரிந்தது. கழுவித் துடைத்துப் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள்.

"அண்ணன் செருப்புக்கா. போலீஸ் வந்தப்ப உள்ள எடுத்து வச்சேன்" என்றாள். பிறகு, சரோஜம்மாளின் முகத்தைப் பார்க்காமல், கேட்டின் பூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா இனிமே நம்ம வாசலுக்கு நீங்க வரவேண்டாம்க்கா. ஸ்வாதி ஒங்களப் பாத்தா அழுதுருதா. எனக்கும் முடியல."

சரோஜம்மாள் சரிம்மா என்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கேட்டைத் தாண்டும்போது, கொண்டி சரியாக விழுந்ததா என்று வழக்கப்படி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்துக் கையை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் ராஜ்குமாருக்குப் போன் பண்ணினாள். ஏட்டு எழுதிய காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், பேர் திரும்பிவிட்டது, வந்துவிடுடா என்று சொல்ல வேண்டும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி பண்ணினாள். அதுவும் அப்படித்தான் ஓய்ந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. சரோஜம்மாள் வழக்கம்போல எழுந்தாள். டப்பாவில் சோறு கட்டினாள். லைன் வீட்டில் அவளுடையது கடைசி அறை. மகன் போனதிலிருந்து அவள் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை அந்தக் கதவு பூட்டித்தான் கிடக்கும். ஊரார் வாசலுக்கெல்லாம் கோலம் போட்டவள் தன் வாசலுக்கு என்றைக்குமே நேரம் இல்லாமல் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஓடியவள். அன்று மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு குனிந்தாள். முதல் மாங்காயின் மூக்கை வளைக்கும்போது கை நின்றுவிட்டது. போட்டதைக் காலால் கலைத்துவிட்டு, டப்பாவை உள்ளே வைத்தாள்.

கதவைப் பூட்டினாள். பூட்டின் மேல் ஈரத்துண்டைப் போட்டாள். பொட்டலத்தைப் பிரித்து, வெங்கடப்பனின் செருப்பை எடுத்து, வாசல் பக்கம் பார்த்து ஒழுங்காக ஜோடி சேர்த்துப் படியில் வைத்தாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். உள்ளே ஆள் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஏழேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.